பள்ளத்துக் கோலில் நான் தூக்கிய கொடி

அன்றைக்குக் கோட்டில் கொடியோடு நின்றவர் யார் என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். திருப்பத்தூரில் தயாளனுக்கு நடந்த பாராட்டு விழாவில் அவன் அந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து பிடித்த வியாதி இது. இளம் உடற்கல்வி ஆசிரியர்கள் போன் செய்து, "நீங்கதானா சார் அது? உங்க அனுபவத்தை எழுதுங்க சார்" என்கிறார்கள். நான்தான் அது. எழுதுகிறேன். ஆனால் நண்பனின் பெருமையைப் பாடுகிற கட்டுரையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சி மாணவனாக இருந்த காலத்திலிருந்து இன்றுவரை தயாளனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் நான். இதற்கு வேறு நல்ல பெயர் வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் பெயர் கன்னியப்பன். சந்தவாசல் பக்கம் சொந்த ஊர். எழுபதுகளின் கடைசியில் உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். அங்கேதான் தயாளன் எனக்கு வாய்த்தான். அவன் வாணியம்பாடிக்காரன், தெருவிலேயே பந்து உதைத்து வளர்ந்தவன். நான் கால்பந்து விதிகளைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தவன். எழுத்துத் தேர்வில் வகுப்பில் நான்தான் முதல். மைதானத்தில் இறங்கிவிட்டால் அவன்தான் முதல். அந்தக் கல்லூரியில் எழுத்துத் தேர்வு எப்போது நடந்தது, யார் முதலில் வந்தது என்று எவனுக்கும் ஞாபகம் இருந்ததில்லை. அந்த இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கடைசிப் பருவத்தில் எங்களைப் பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சி வேலைக்கு அனுப்புவார்கள். பள்ளிகளுக்கு இடையே நடக்கிற ஆட்டங்களில் நடுவராகவும் கோட்டு நடுவராகவும் நின்று பழக வேண்டும். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க இடமும் பள்ளியில். எனக்கும் தயாளனுக்கும் விழுந்தது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி இருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளி.

மலைக்கு ஏறிய நாளிலேயே என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அரிசி மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்றில் இடம் கேட்டோம். டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். தயாளனைப் பார்த்து, "நீ முன்னாடி வா சாரு" என்றார். என்னைப் பார்த்து, "நீ மூட்டை மேல குந்திக்க" என்றார். அவனுக்கு மட்டும் அவர் எப்படி 'சாரு' போட்டார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தோம்.

அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பலராமன் சார். ஒல்லியான மனிதர். மலைக்காற்று காதில் ஏறக்கூடாது என்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். கான்வாஸ் ஷூவுக்குத் தினமும் சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக வைத்திருப்பார். நாம் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். அது கேள்வியா, பதிலா, கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியாது. நன்றாகச் செய்தாய் என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தயாளனும் கேட்டதில்லை. அது ஒன்றுதான் எனக்கு இருந்த ஆறுதல்.

அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது பந்தைப் பார்க்கவே மாட்டார். மடக்கு நாற்காலியை எங்கேயாவது கோணலாகப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்ப்பார். ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"சார், கோல் விழுந்துச்சே, பாக்கலீங்களா?"

"பந்தைப் பாக்க அத்தினி பேர் இருக்கானுங்க. உங்களைப் பாக்க நான் ஒருத்தன்தானே கீறேன்?" என்றார்.

முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். மாவட்டப் போட்டியின் ஜூனியர் பிரிவு இறுதி ஆட்டம் வேலூரில் நடக்கும். அதில் விசில் ஊத இந்த வட்டாரத்திலிருந்து ஒரு பயிற்சி மாணவனை அவர் அனுப்ப வேண்டும். ஒருவனைத்தான். அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பெரிய பெரிய உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகிகள் அந்த ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள். நன்றாக ஊதுகிறவனை அங்கேயே கூப்பிட்டு, எப்போது வந்து சேருகிறாய் என்று கேட்பார்கள். மற்றவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கடுதாசிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்த ஆட்டம் வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு நாள் அவன் விசில், மறுநாள் நான் விசில் என்று மாறி மாறித்தான் நின்றோம். சில ஆட்டங்கள் முடிந்ததும் பலராமன் சார் என் கையிலிருந்த விசிலை வாங்கித் தயாளனிடம் கொடுத்தார். என்னிடம் சிவப்புக் கொடியை நீட்டினார்.

"நீ கோட்டுல நல்லா கீறே. அதையே பாத்துக்க" என்றார்.

நல்லா இருக்கிறாய் என்று சொல்லி ஒருவனை ஓரம் கட்ட முடியும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மலையில் மைதானம் போடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. சமதளம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டுக் கோல், பள்ளத்துக் கோல் என்றே பெயர். சுண்ணாம்பால் கோடு போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் மண்வெட்டியால் லேசாகக் கீறி, அந்தக் கீறலில் பள்ளிச் சமையல்கூடத்துச் சாம்பலைக் கொட்டி நிரப்புவோம். சமையல்கார குப்பம்மா கூடையில் சாம்பல் அள்ளி வைத்திருப்பார். தயாளன் போனால் சலித்த சாம்பல். நான் போனால் கரிக்கட்டையோடு கிடைக்கும்.

ஆட்டத்துக்கு முன்பு கால் பார்ப்பது என்று ஒரு வேலை உண்டு. அடிவாரத்துப் பள்ளிகளிலிருந்து வருகிற பையன்கள் தோல் பூட்ஸ் போட்டிருப்பார்கள். அடியில் தோல் கட்டைகளை ஆணி அடித்துப் பதித்திருப்பார்கள். தேயத் தேய ஆணி வெளியே வரும். எங்கள் மலைப் பையன்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். அதனால் ஒவ்வொரு பூட்ஸையும் தூக்கி, உள்ளங்கையை அடியில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் போதாது, உள்ளங்கைதான் என்பது பலராமன் சாரின் கட்டளை. கை கிழியாவிட்டால் கால் கிழியாது என்பது கணக்கு. வெறுங்கால் பையன்களுக்குக் கட்டை விரல் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் இதையெல்லாம் விதிப்படி செய்வேன். தயாளன் ஒவ்வொருவன் காலைப் பிடிக்கும்போதும் அவன் ஊர், அப்பா பேர், வீட்டில் எத்தனை மாடு என்று விசாரிப்பான். அடுத்த முறை வரும்போது அந்த மாட்டின் நலத்தையும் விசாரிப்பான். பையன்கள் அவனை 'தயாளன் சார்' என்றார்கள். என்னைக் 'கொடி சார்' என்றார்கள்.

கோட்டு நடுவரின் வேலையிலும் பலராமன் சாருக்குச் சட்டம் உண்டு. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டும்வரை கொடியைத் தூக்கக் கூடாது. தூக்கினால் நடுவர் பார்க்கும்வரை இறக்கக் கூடாது. கை வலித்தாலும் சரி, ஆட்டம் நிற்காமல் ஓடினாலும் சரி. "பாதியில எறக்கினா நீயே உன்னை நம்பலன்னு அர்த்தம்" என்பார். இதைத் தயாளனுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அவன் கையில்தான் கொடியே கிடையாதே.

இனி தட்டிக்கு வருகிறேன். எல்லாம் அதனால் வந்த வினைதான்.

கோலுக்கு வலை கிடையாது. மேட்டுக் கோலுக்குப் பின்னால் மண்சரிவு இருந்ததால் பந்து தானாகத் திரும்பி வரும். பள்ளத்துக் கோலுக்குப் பின்னால் சாமைக் கொல்லை. அதைத் தாண்டினால் பள்ளம். ஒரு பந்து கோலைத் தாண்டினால் சாமைப் பயிரை மிதித்துக்கொண்டு பையன்கள் ஓடுவார்கள். கொல்லைக்காரர் கத்துவார். பந்தை எடுத்து வருவதற்குள் எத்தனை கோல் என்பதே மறந்துவிடும். வட்டார இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் என்று முடிவானதும், கோலுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி கட்டச் சொன்னார் பலராமன் சார். ஊர்க்கவுண்டர் மூங்கில் கொடுத்தார். தானே வந்து பிளந்தும் கொடுத்தார். பெரிய மீசை, கொஞ்சம் பேச்சு. அந்த ஊர்களில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

தட்டியைக் கோலைவிட அகலமாகக் கட்டச் சொன்னார் சார். நான் எதிர்த்தேன்.

"சார், போஸ்ட்டு அகலத்துக்கு மட்டும் கட்டலாங்க. இல்லாட்டி வெளிய போன பந்தும் தட்டியில பட்டுத் திரும்பும். நடுவுல இருந்து பாத்தா கோல் மாதிரியே தெரியும்."

"அப்படியா? பக்கத்துல போற பந்தைப் பள்ளத்துல இறங்கி நீ எடுத்தாரியா?"

"நம்ம கன்னியப்பன் எடுத்தாருவான் சார். கொடியைக் கீழ வெச்சிட்டு ஓடுவான்" என்றான் தயாளன்.

ஊர்க்கவுண்டர் சிரித்தார். சார்கூடச் சிரித்தார். தட்டியை அகலமாகவே கட்டினோம். கட்டியவன் நான். தயாளன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கவுண்டரிடம் மலைத்தேன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. அடிவாரத்திலிருந்து ஒரு பள்ளி, எதிரே எங்கள் மலைப் பள்ளி. ஜெயித்தால் எங்கள் பையன்கள் முதல் தடவையாக மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து சனம் கொல்லை வேலையை விட்டுவிட்டு வந்து மைதானத்தைச் சுற்றி நின்றது. கயிறு கட்டித் தடுக்கவெல்லாம் வழியில்லை. நான் ஓடவேண்டிய கோட்டின்மேலேயே ஆட்கள் நின்றார்கள். "கொஞ்சம் நகருங்க, நகருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் ஓடினேன். தயாளன் நடுவில் விசிலோடு நின்றான். எதிர்ப்பக்கக் கோட்டில் அடிவாரப் பள்ளியின் ஆசிரியர். பள்ளத்துக் கோல் இருந்த பாதி என்னுடையது. பலராமன் சார் என் பக்கத்தில், மூலைக் கொடிக்கு அருகே இருந்த பலா மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

இடைவேளையின்போது ஆளுக்கு ஒரு கோல். எங்கள் அணியில் காளி என்று ஒரு பையன் இருந்தான். வெறுங்காலால் அவன் அடிக்கிற அடியைப் பூட்ஸ் போட்டவன் அடிக்க மாட்டான். இடைவேளைக்குப் பிறகு எங்கள் பையன்கள் பள்ளத்துக் கோலை நோக்கி ஆடினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் காளிக்குப் பந்து கிடைத்தது. இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு ஓங்கி அடித்தான். நான் கோல் கோட்டுக்கு நேராக, மூலையில் நின்றேன். பந்து எனக்குப் பக்கத்தில் இருந்த போஸ்ட்டுக்கு வெளியே போனது. சாண் இடைவெளிகூட இருக்காது. ஆனால் வெளியேதான். எனக்கும் போஸ்ட்டுக்கும் நடுவேதான் பந்து போனது. போன பந்து தட்டியில் பட்டு, கோணலாகத் திரும்பி, கோலுக்குள்ளிருந்து வருவதுபோலவே உருண்டு வந்து, விழுந்து கிடந்த கோல்கீப்பரின் முதுகில் முட்டி நின்றது.

மலையே கத்தியது. தயாளன் நீளமாக விசில் ஊதி, கையை நடுவட்டத்தை நோக்கி நீட்டினான். கோல்.

நான் கொடியைத் தூக்கினேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்க மாட்டேன். ஐயோ, பையன்களின் கோல் போகிறதே என்று தோன்றவில்லை. நியாயம் நிலைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. தயாளன் தப்புப் பண்ணிவிட்டான் என்றுதான் தோன்றியது. இத்தனை சனத்துக்கு முன்னால், பலராமன் சாருக்கு முன்னால், இறுதி ஆட்டத்தில் பண்ணிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது.

சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. காளியைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அடிவாரப் பையன்கள் என்னிடம் ஓடிவந்து, "சார், நீங்க பாத்தீங்க இல்ல? சொல்லுங்க சார்" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். கொடி மேலேயே இருந்தது. யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "யோவ், கொடியை எறக்குய்யா" என்று என் தோளைத் தள்ளினார். இன்னொருவர் கொடிக்கம்பையே பிடித்தார். நான் விடவில்லை. இறக்கவில்லை.

கடைசியில் தயாளன் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இன்னாடா?"

"கோல் இல்ல. போஸ்ட்டுக்கு வெளிய போச்சு. தட்டியில பட்டுத் திரும்புச்சு."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் தட்டியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு. ஊர்க்கவுண்டர் நேராக எங்களிடம் வந்து நின்று, "இன்னா சாரு தகராறு?" என்று கேட்டார். தயாளன் விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினான். கூட்டம் அடங்கும்வரை கையைத் தூக்கியபடி நின்றான்.

"கோல் கிடையாதுங்க. நான் தப்பா ஊதிட்டேன். பந்து வெளிய போயிருக்குது. தப்பு என்னுது. நம்ம பசங்களையோ கீழ இருந்து வந்தவங்களையோ ஒண்ணும் சொல்லாதீங்க. கோபம் இருந்தா என்னை அடிங்க" என்றான்.

யாரும் அடிக்கவில்லை. கவுண்டர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார். "அவுரு வாயாலயே சொல்ட்டாரு. அப்புறம் இன்னா? வெளிய வாங்க எல்லாரும்" என்றார். சனம் வெளியே போனது. கோல் கிக் அடித்தார்கள். அந்தப் பந்திலேயே அடிவாரப் பையன்கள் மேட்டுக் கோல்வரை போய்க் கோல் அடித்துவிட்டார்கள். எங்கள் பள்ளி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் கவுண்டர் தயாளனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இம்மாஞ் சனத்துக்கு முன்னால நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதுக்கு மனசு வேணும் சாரு. நாயஸ்தன் நீ" என்றார். காளியே வந்து அவனிடம், "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். என்னைக் கடந்து போனவர்கள் எல்லாம் முறைத்துக்கொண்டு போனார்கள். "அந்தக் கொடிக்காரன்தான் கெடுத்தான்" என்று ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னார். சாப்பாட்டு வேளையில் குப்பம்மா எனக்குக் களி போட்டார். குழம்பு ஊற்றவில்லை. கேட்டதற்கு, "அதையும் கொடியைத் தூக்கி வாங்கிக்க சாரு" என்றார்.

சரியாகப் பார்த்தவன் நான். தப்பாக ஊதியவன் அவன். ஊரே அவனைக் கொண்டாடுகிறது, எனக்குக் குழம்பு இல்லை. இதற்கு வயிறு எரியாதவன் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இருந்தாலும் அன்றைக்கு நான் தைரியமாகத்தான் இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? பலராமன் சாருக்குத் தெரியும். இப்படி ஒரு தப்புப் பண்ணினவனை வேலூருக்கு அனுப்ப அவருக்குப் பைத்தியமா? மறுநாள் காலையில் பள்ளி வராந்தாவில் அவர் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தயாளா, வேலூருக்கு நீ போ. துணி துவைச்சு வெச்சிக்க."

தயாளன் என்னைப் பார்த்தான். தலையாட்டிவிட்டுப் போனான். நான் அங்கேயே நின்றேன்.

"சார், நேத்து நான் சொன்னது தப்புங்களா?"

"பந்தை நான் பாக்கல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் கண்ணு மேல எனக்குச் சந்தேகமே கெடையாது."

"கொடியை எறக்கினேனா?"

"இல்ல. கடைசி வரைக்கும் புடிச்சே."

"அப்புறம் ஏன் சார்? தப்பா ஊதினவனை அனுப்பறீங்க, சரியாப் பாத்தவனை விட்டுடறீங்க. இது இன்னா சார் நாயம்?"

அவர் ஷூவைக் கீழே வைத்தார். பிடரியைத் தடவினார்.

"கொடியைத் தூக்கும்போது நீ சிரிச்சேய்யா" என்றார்.

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நம்முடைய முகம் நமக்கா தெரிகிறது? ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கலாம். என் குணத்துக்கு அது வரவில்லை.

"சிரிக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல சார் இருக்குது?"

"அப்படியா" என்றார் பலராமன் சார். அடுத்த ஷூவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் கேட்கத் தயார். விதிப் புத்தகம் முழுவதும் எனக்குத் தெரியும். லைன்ஸ்மேன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

தயாளன் வேலூருக்குப் போனான். ஊதினான். ஒரு பெரிய பள்ளியின் நிர்வாகி மைதானத்திலேயே அவனைக் கூப்பிட்டுப் பேசினார். பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே அவனுக்கு வேலை. நான் ஊருக்குப் போய் அப்பாவோடு கடலைக்காய் பிடுங்கினேன். கடுதாசிக்காகக் காத்திருந்தேன். வெகு காலம் கழித்து ஆலங்காயம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. குறை சொல்லக்கூடிய வேலை இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் போலீசிலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள். ஆனால் வட்டார ஆட்டம், மாவட்ட ஆட்டம் என்று எது நடந்தாலும் பட்டியல் ஒரே மாதிரிதான் வரும். நடுவர் தயாளன், கோட்டில் கன்னியப்பன். "உங்க ரெண்டு பேருக்கும் நல்ல ஜோடிப் பொருத்தம்" என்று ஏற்பாடு செய்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு எரியும்.

அவனுக்கு எங்கே போனாலும் மரியாதை. அந்த மலை ஆட்டத்துக் கதை அவனுக்கு முன்னால் போய் நிற்கும். தப்பை ஒத்துக்கொண்ட நடுவர் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவனைக் காட்டிச் சொல்வார்கள். சொல்லும்போது, 'லைன்ஸ்மேன் யாரோ கொடி காட்டினாராம்' என்று என்னையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வீட்டில் வந்து புலம்புவேன். "அவரு பேரை எடுக்காம உங்களுக்குச் சோறு எறங்காதா?" என்பாள் என் மனைவி. இறங்காதுதான்.

ஆனாலும் ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. வேலை அவனுடையது, பேர் அவனுடையது, விசில் அவனுடையது. அந்த ஒரு பந்து என்னுடையது. அவன் பார்க்காததை நான் பார்த்தேன். அவன் எத்தனை பெரிய ஆளாக ஆனாலும், அந்தப் பந்து போஸ்ட்டுக்கு வெளியே போனதைப் பார்த்தவை என் கண்கள்தான். பொறாமை தாங்காமல் போகிற நாட்களில் இதை எடுத்து நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் குளிரும். அவனும் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பும் இதமாகத்தான் இருந்தது.

இப்போது விழாவுக்கு வருகிறேன். திருப்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இளம் நடுவர்களாலும் உடற்கல்வி ஆசிரியர்களாலும் மண்டபம் நிரம்பியிருந்தது. என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண், புதிதாக நடுவராகத் தேறியவள், மைக்கை வாங்கி, "சார், நீங்க கொடுத்த தீர்ப்புல ரொம்பக் கஷ்டமானது எது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் இவன் எதைச் சொல்லப் போகிறான் என்று.

சொன்னான். மலை, சாமைக் கொல்லை, தட்டி, காளி எல்லாம் வந்தது. நன்றாகவே சொன்னான், பாவி. கவுண்டர் கையைப் பிடித்த இடம் வந்ததும் சனம் கைதட்டத் தயாராகிவிட்டது. அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இருங்க. இவ்வளவுதான் உங்க எல்லாருக்கும் தெரியும். மிச்சத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பந்து வெளிய போனதை நான் பாத்தேன்."

மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டான்.

"நல்லாவே பாத்தேன். ஆனா அம்மாஞ் சனம் கத்துது. பயந்துட்டேன். கோல்னு ஊதிட்டேன். ஊதும்போதே எனக்குத் தெரியும், கன்னியப்பன் கொடியைத் தூக்கியிருப்பான்னு. யார் தள்ளினாலும் எறக்க மாட்டான்னும் தெரியும். அவன் கீறான்ற தைரியத்துலதான் நான் தப்பா ஊதினேன். ஏச்சு அவன் வாங்கிக்கினான், நல்ல பேரு நான் வாங்கிக்கினேன். இத்தினி வருஷம் சொல்ல வாய் வரல. டேய் கன்னியப்பா, எழுந்திருடா. எல்லாரும் உன்னைப் பாக்கட்டும்."

நான் எழுந்தேன். ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் என் தலையில் ஓடியது இது ஒன்றுதான்: அவனும் பார்த்திருக்கிறான். என் பந்தை அவனும் பார்த்திருக்கிறான். என்னிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் மேடையில் நின்று, மைக் பிடித்து, மரியாதையாக எடுத்துக்கொண்டு விட்டான்.

எல்லோருடைய பார்வையும் மேடைக்குத் திரும்பியது. இந்த வயதில், இத்தனை பேருக்கு முன்னால், இப்படி ஒத்துக்கொள்ள எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. அவ்வளவு பெரிய கைதட்டலை எங்கள் வட்டாரத்தில் எந்த நடுவருக்கும் நான் கேட்டதில்லை. தயாளன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தான். கைதட்டல் இன்னும் கூடியது. எனக்கு மிக அருகில், மற்ற எல்லாரையும்விட ஓங்கி யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அப்படி யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். என் கைகள்தான்.